கியர் இல்லாத வாகனம்

1

வருகிற செவ்வாய்க்கிழமை அப்பாவின் ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருடம். மறுநாள் புதன் எனக்குச் சிமுலேட்டர் சோதனை. முதலாவதைப் பஞ்சாங்கமும் இரண்டாவதை என் மேலாளரும் தீர்மானித்தார்கள். இரண்டு பேரிடமும் தவணை கேட்க முடியாது. போன வருடமும் சாவும் சோதனையும் இப்படித்தான் ஒரே வாரத்துக்குள் வந்து மோதின. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஜெர்மன் நகரத்தில் எங்கள் கோயில் ஒரு பழைய தளபாடக் களஞ்சியத்துக்குள் இருக்கிறது. திவசம் பேசப் போனபோது ஐயர் தேங்காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி என்ன உத்தியோகம் பாக்கிறியள்?"

"பிளேன் ஓட்டுறன் ஐயா."

ஐயர் நிமிர்ந்தார். "பைலட்டோ?"

"இல்லை. நிலத்திலை மட்டும்தான்."

ஐயர் மறுபடி தேங்காய்க்குக் குனிந்தார். "அதுக்கும் ஆள் வேணும்தானே" என்று ஆறுதல் சொன்னார்.

என் வேலையை ஊரில் ஒருவருக்கும் சரியாக விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. முந்நூறு பேரை ஏற்றிப் பறக்கிற பெரிய விமானங்கள், அவர்களை இறக்கிய பிறகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் போகவேண்டும். வேலை முடிந்ததும் திரும்பி வரவேண்டும். சிலவேளை இழுவை வண்டி பூட்டி இழுப்பார்கள். சிலவேளை இயந்திரத்தை முடுக்கி, ஓட்டியே கொண்டுபோவோம். இதற்கு உண்மையான விமானி தேவையில்லை. அவருக்கு வீடு போக அவசரம். என்னைப் போன்ற இரண்டு மெக்கானிக்குகள் போதும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிப் பேசி, சைக்கிளில் போகிற பாதிரியாரைப்போல மெதுவாக ஓட்டிப்போவோம். வழியில் ஓடுபாதை குறுக்கிடும். அனுமதி கிடைத்ததும் அதைக் கடந்து மறுபக்கம் போய்விடுவோம். கலியாண வீட்டு வாசலைத் தினமும் கடந்து போகிறவனுக்கு வருகிற உணர்ச்சிதான் எனக்கும் வரும்.

பெரிய விமானத்தை நிலத்தில் திருப்புவதில் ஒரு விவகாரம் உண்டு. ஓட்டுகிறவன் முன் சக்கரத்துக்கும் முன்னால், மூன்றாம் மாடி உயரத்தில் இருக்கிறான். பெரிய சக்கரங்கள் எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோடு வளைகிற இடத்தில் நீயும் வளைத்தால் அந்தச் சக்கரங்கள் புல்லுக்குள் இறங்கிப் புதைந்துவிடும். ஆகவே கோடு வளைந்த பிறகும் நேரே போகவேண்டும். கோடு கண்ணுக்குக் கீழே மறைந்து, விமானத்தின் மூக்கு புல்லுக்கு மேலே நீட்டுகிற வரைக்கும் பொறுத்திருந்து, அதன் பிறகுதான் இடக்கைப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கைச்சக்கரத்தைத் திருப்பவேண்டும். புதிதாகப் பழகுகிற எல்லோரும் பயத்தில் முந்தித் திருப்பிவிடுவார்கள். நான் ஒருநாளும் முந்தியதில்லை என்று என்னைப் பழக்கியவர் வியந்துபோனார். பயப்படவேண்டிய இடத்தில் எனக்குப் பயம் பிந்தித்தான் வரும். அது கண்டியில் எடுத்த பயிற்சி.

என் மகள் பள்ளிக்கூடத்தில் 'என் அப்பாவின் தொழில்' என்று கட்டுரை எழுதினாள். ஜெர்மன் மொழியில், பிழையில்லாமல். 'என் அப்பா விமானங்களை நிறுத்திவைக்கிறார்' என்பதுதான் அதன் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும். தமிழில் எழுதச் சொன்னால் அவளுக்கு இதுவும் வராது என்பதால் நான் குறை சொல்லவில்லை.

2

அப்பா கண்டியில் வாகனம் ஓட்டப் பழக்கினார். யாழ்ப்பாணத்தில் இருந்து அரசாங்க லிகிதராக வந்தவர். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரியாது என்று அரசாங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் ஒரு பழைய மொரிஸ் மைனரை வாங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் 'எல்' பலகை தொங்கவிட்டு, நகரத்தில் பாதிப் பேருக்குச் சிங்களத்திலேயே திட்டித் திட்டி ஓட்டப் பழக்கினார். சிங்களவர், முஸ்லிம்கள், தெல்தோட்டைத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள், எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

அவருடைய சமயம் கியர். பழைய கார்களிலும் லொறிகளிலும் ஏற்றத்தில் முதலாம் கியருக்கு இறக்குவதென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும். ஒரு தரம் மிதித்து நடுவுக்கு எடுத்து, காலை விட்டு, மறுபடி மிதித்துத்தான் போடவேண்டும். இரண்டாம் மிதியை மறந்தால் கியர்ப் பெட்டி பல்லைக் கடித்துக் கத்தும்.

"கியருக்கும் பல்லுத்தானேடா இருக்கு. உன்ரை பல்லை இப்பிடிச் சுவரிலை உரஞ்சுவியோ?" என்பார். இதன் சிங்கள வடிவம் இன்னும் மோசமானது.

எங்கள் வீடு குண்டசாலையில், பிரதான வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையின் முடிவில் இருந்தது. ஒழுங்கைக்குள் நுழைந்ததும் ஒரு வளைவு, வளைவோடு சேர்ந்த ஏற்றம். எந்த வாகனமும் அந்த இடத்தில் கியர் இறக்காமல் மேலே வரமுடியாது. ஞாயிறு பிற்பகல்களில் அப்பா விறாந்தையில் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து, வளைவில் வருகிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லுவார்.

"லீலா நோனாவின்ரை மருமகன். பரவாயில்லை."

"அதார் இப்பிடி? ஓ, டொக்டர். ஆக்களுக்கும் இப்பிடித்தான் ஊசி போடுறாரோ தெரியாது."

லீலா நோனா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அப்பாவிடம் படித்தவர்களில் ஆகக் கெட்ட மாணவன் சுனில், பல்லேகல பக்கத்துப் பையன். மாதக்கணக்காக வந்தான். கை, கண், பிரேக் எல்லாம் சரி. இரண்டாம் மிதி மட்டும் வராது. முதல் தரம் கர்ரென்று கத்தும். பயந்து இழுத்துவிடுவான். ஒரு மூச்சு விட்டு, மறுபடி கர்ரென்று கத்தவைப்பான். இந்த இரட்டைக் கத்தல் அவன் போடுகிற கையொப்பம் மாதிரி. வகுப்பு முடிந்தால் அம்மா அவனுக்கு இடியப்பம் கொடுப்பா. "அம்மே, மாஸ்டர் ஏசுறது சத்தம், கியர் சத்தமும் விட பெரிசு" என்று தன்னுடைய தமிழில் முறையிடுவான். பலமுறை தவறிக் கடைசியில் எப்படியோ அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான். சோதனை எடுத்த அதிகாரிக்குக் காது கேளாது என்பது அப்பாவின் முடிவு.

வெகுகாலம் கழித்து, நான் இங்கே விமானம் ஓட்டப் பழகியதைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி:

"எத்தினை கியர்?"

"கியர் இல்லை அப்பா."

"கிளச்?"

"அதுவும் இல்லை. இயந்திரம் தள்ளும், அது போகும்."



"அப்ப நீ ஓட்டேல்லை" என்றார். "அதிலை ஏறி இருக்கிறாய்."

அம்மாவோ குண்டசாலை முழுக்க மகன் பிளேன் ஓட்டுகிறான் என்று சொல்லி முடித்திருந்தா. வானத்தில் எது பறந்தாலும் லீலா நோனா அண்ணாந்து பார்த்து "புத்தாத?" என்று கேட்பாவாம், மகனா என்று. அந்தக் காலத்தில் எங்கள் வானத்தில் பறந்தவை பெரும்பாலும் குண்டு போட வடக்கே போனவை. அம்மா அதை விளங்கப்படுத்தப் போகவில்லை.

3

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் பங்குக்கு ஒரு சத்தத்தை மட்டும் சொல்கிறேன்.

கண்டி நகரத்தில் புகை எழும்புகிறது என்று கேள்விப்பட்டதும் அப்பா மொரிஸை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பிற்பகல். ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தா. எனக்கு அப்போது படித்து முடித்து வேலை இல்லாத வயது. நான் வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வளைவில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. கர்ர். ஒரு மூச்சு. மறுபடி கர்ர்.

"சுனில்" என்றார் அப்பா, நிமிராமலே. பிறகு நிமிர்ந்தார். "இது கார் இல்லை, லொறி. ஆர் இவனுக்கு லொறி குடுத்தது?"

எங்கள் வீட்டோடு ஒழுங்கை முடிகிறது. லொறி வந்து போக அங்கே எவருக்கும் ஒரு தேவையும் இல்லை. இதை அப்பா யோசித்து முடிக்க முன்னர் அம்மா யோசித்துவிட்டா. சோற்றுக் கையோடு எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பின்கதவால் ஓடினா. வேலியைத் தாண்டி லீலா நோனாவின் விறகு அறைக்குள் நாங்கள் விழுந்தபோது லொறி மேலே ஏறி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்களின் கூச்சல் கேட்டது. அதுவரைக்கும் வாய் திறக்காமல் வந்திருக்கிறார்கள்.

விறகு அறையின் பலகை இடுக்கால் எனக்கு லொறியின் முன்பக்கம் தெரிந்தது. பின்னால் இருந்து குதித்தவர்களிடம் தடிகளும் பெற்றோல் கலன்களும் இருந்தன. சாரதி ஆசனத்தில் சுனில். அவன் இறங்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நேரே வீதியைப் பார்த்தபடி இருந்தான். லீலா நோனா வாசல் படலையடியில் நின்று, அவர்கள் நேற்றே யாழ்ப்பாணம் போய்விட்டார்கள் என்று கத்திக்கொண்டிருந்தா.

என் காதுக்குப் பக்கத்தில் அப்பா முணுமுணுத்தார். "ரெண்டாம் தரம் மிதிக்கேல்லை, பாத்தியே?"

"வாயை மூடுங்கோ" என்றா அம்மா.

முதலில் காரை எரித்தார்கள், பிறகு வீட்டை. எங்கள் சோற்றுக் கோப்பைகள் மேசையில் அப்படியே இருந்திருக்கும்.

பிறகு பொலிஸில் கேட்டார்கள், யாரையாவது அடையாளம் தெரியுமா என்று. தெரியாது என்றார் அப்பா. வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார்: "என்னட்டைப் படிச்சவன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வெக்கமாய்க் கிடக்கு."

அகதி முகாமில் அதையே பகிடியாக்கிவிட்டார். வீட்டை எரிக்க வந்த அத்தனை பேரிலும் லொறி ஓட்டத் தெரிந்தவன் ஒருவனும் இல்லையாம். தேடிப்பிடித்துத் தன் மாணவனைக் கூட்டிவந்தார்களாம். அவனுக்கும் தெரியாதாம். தரையில் பாய் விரித்துக் கிடந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சாகும்வரைக்கும் அந்தப் பகிடியைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தி, அந்த இரண்டு கத்தலையும் வாயால் செய்து காட்டுவார்.

நான் அடுத்த வருடம் நாட்டை விட்டேன். அவர்கள் குண்டசாலைக்கே திரும்பிப்போய், எரிந்த சுவர்களில் இரண்டு அறையை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்கள். யாழ்ப்பாணம் போகலாமே என்று கேட்டதற்கு, அங்கே ஏற்றமே இல்லை, கியர் பழக்க முடியாது என்று அப்பா எழுதினார்.

4

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ஹனீபா நானா தொலைபேசியில் கூப்பிட்டார். குண்டசாலைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி இல்லாததால் அவருடைய கடைதான் எங்களுக்குத் தபால் கந்தோர். எப்போதும் நான்தான் இங்கிருந்து அழைப்பு எடுப்பேன். அவராக எடுத்ததில்லை.

"தம்பி, மனச தைரியமா வெச்சுக்கோங்க. மாஸ்டர் மவுத்தாயிட்டார். இப்பதான் ஆஸ்பத்திரியால வந்து செல்லிட்டுப் போறாங்க. அம்மா இங்கதான் ஈக்காங்க. பேசுங்க."

அம்மா அழவில்லை. "மலர்ச்சாலையிலை குடுத்திருக்கு" என்றா. "மருந்து ஏத்தி வைப்பினமாம். நாலைஞ்சு நாள் தாங்குமாம். நீ என்ன செய்யப்போறாய்?"

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வந்து சேரும்வரைக்கும் பிரேதத்தை மலர்ச்சாலையில் பதப்படுத்தி வைத்திருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஆட்கள் செத்த பிறகும் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க வேறு ஆண்பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தக்காரருக்குச் சண்டையால் பாதை பூட்டு.

என்னிடம் இருந்தது நீலநிற அகதிப் பயணப் பத்திரம். 'எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், ஸ்ரீ லங்கா தவிர' என்று அதில் அச்சடித்திருக்கிறது. கிரீன்லாந்துக்குப் போகலாம். திங்கள் காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள். கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினாள்.

"நீங்கள் போகலாம். நாங்கள் தடுக்கமாட்டோம். ஆனால் போனால் அங்கே உங்களுக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிடும். ஆபத்து இல்லாதவருக்கு நாங்கள் அடைக்கலம் கொடுக்க முடியாது."

"அங்கே என்னைப் பிடித்து உள்ளே போட்டால்?"

அவள் யோசித்தாள். "அப்படியென்றால் உங்கள் மனு பலமாக இருக்கும்" என்றாள். கேலி செய்யவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

என் பத்திரம் போனால் அதோடு விமான நிலையத்துக்குள் நுழைகிற அனுமதி போகும், அதோடு வேலை போகும். மனைவியின் வதிவிட அனுமதியும் மகளுடையதும் அதில்தான் தொங்குகின்றன. மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜெர்மனில் கேட்டாள்: "உங்களிடம்தானே அத்தனை விமானம் இருக்கிறது, அப்பா?" அவள் அப்பப்பாவை ஒருநாளும் கண்டதில்லை. தொலைபேசியில் அவர் அவளிடம் கேட்பதெல்லாம் சைக்கிளுக்கு எத்தனை கியர் என்பதுதான்.

அன்று பின்னேரம் நானாவின் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, நான் வாறன்."

"என்னெண்டு வாறாய்?"

"எப்பிடியாவது வாறன்."

"கட்டுநாயக்காவிலை உன்னைப் பிடிச்சுக்கொண்டு போனால் நான் எந்தக் காம்பிலை போய்த் தேடுறது? இவரை எடுக்கிறதோ, உன்னைத் தேடுறதோ? நானா, இவனுக்கு நீங்கள் சொல்லுங்கோ."

நானா தொலைபேசியை வாங்கினார். "தம்பி, அம்மா செல்றதக் கேளுங்க. போன கெழம ஏர்போட்டுக்குப் போன நம்மட ஆள் ஒருத்தரத் தேடி இன்னும் அவங்கட ஊட்டுல அலையிறாங்க. மத்தத நாங்க பாத்துக்குவோம்."

"கொள்ளி?" என்று கேட்டேன்.

தொலைபேசி மறுபடி அம்மாவிடம் போயிருந்தது. "அதை நான் பாக்கிறன்" என்றா. "புதன்கிழமை எடுக்கிறம். நீ வேலைக்குப் போ."

5

புதன்கிழமை எனக்குச் சிமுலேட்டர் சோதனை. போகாவிட்டால் நிலத்தில் ஓட்டுகிற தகுதியும் போய்விடும். வீட்டில் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறதிலும் பார்க்கப் போகலாம் என்று மனைவியும் சொன்னாள். போனேன்.

சிமுலேட்டர் என்பது பெரிய மண்டபத்துக்குள் இரும்புக் கால்களில் நிற்கிற ஒரு வெள்ளைப் பெட்டி. தண்ணீர்த் தாங்கிக்குக் கால் முளைத்ததுபோல இருக்கும். சின்னப் பாலத்தால் உள்ளே போனதும் பாலத்தைத் தூக்கிவிடுவார்கள். உள்ளே உண்மையான விமானி அறை, உண்மையான ஆசனம், ஒவ்வொரு பொத்தானும் உண்மை. கண்ணாடிக்கு வெளியே இருக்கிற உலகம் மட்டும் பொய். கால்கள் பெட்டியை ஆட்ட, பொய் என்று தெரிந்த வயிறும் நம்பிவிடுகிறது. இந்த வசதிக்காகவே ஆசைப்பட்டவர்கள் பணம் கட்டி வந்து ஒரு மணி நேரம் விமானியாக இருந்துவிட்டுப் போகிறார்கள்.

சோதிப்பவர் யூர்கன், ஓய்வுபெற்ற விமானி. என் பின்னால் உட்கார்ந்து தீமைகளை ஏவுவது அவர் வேலை. மழைத் தரை கொடுத்தார். பிரேக் ஒன்றைப் பிடுங்கினார். இயந்திரம் ஒன்றில் தீ வைத்தார். தீ எச்சரிக்கை மணியை நான் நிறுத்திய வேகத்தைப் பார்த்து, "அமைதியான மனிதர்" என்று எழுதிக்கொண்டார். அப்பா இறந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோதனையைத் தள்ளிவைத்திருப்பார். பிறகு என்ன செய்வது?

சோதனை முடிந்தும் நேரம் மிஞ்சியது. எனக்கு அடுத்து வரவேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"பறந்துதான் பாரேன்" என்றார் யூர்கன். "எங்கே போகலாம்? நியூயோர்க்? ஹொங்கொங்?"

"கொழும்பு."

அவர் திரையில் தேடினார். "இருக்கிறது. நான் ஒருமுறை போயிருக்கிறேன். நல்ல இறால்."

அடுத்த கணம் கண்ணாடிக்கு முன்னால் கடல். கரையோரம் தென்னைகள், எல்லாம் ஒரே தென்னையின் பிரதிகள். யூர்கன் பாதி இறக்கினார், மீதியை நான் விழுத்தினேன். பெட்டி குலுங்கியது. ஓடுபாதையை விட்டுத் திரும்புகிற இடத்தில் நான் வழக்கம்போலக் கோட்டைத் தாண்டும்வரை பொறுத்துத் திருப்பினேன். "தரையில் உன்னை வெல்ல ஆளில்லை" என்றார். கட்டடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக்கைப் பூட்டினேன். கட்டுநாயக்கா. மண்மூட்டை இல்லை, இராணுவம் இல்லை, அடையாள அட்டை கேட்க ஒருவரும் இல்லை. இப்படி ஒரு இலங்கையை இவர்கள் எங்கே கண்டுபிடித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து இறங்க முடியாது என்ற ஒரு குறைதான்.

"கிழக்கே கொஞ்சம் போகலாமா?"

"அங்கே என்ன இருக்கிறது?"

"ஒரு ஊர்."

அவர் விமானத்தைத் தூக்கித் தந்தார். மலைகள் வந்தன. கசங்கிய பச்சைத் துணியை விரித்தது மாதிரியான மலைகள். நடுவில் தடித்த நீலக் கோடு ஒன்று ஓடி, ஓர் இடத்தில் பெரிதாக வளைந்தது. அந்த வளைவை வைத்துத்தான் மகாவலி என்று பிடித்தேன். வளைவுக்குள் கண்டி இருக்கவேண்டும். இருக்கவில்லை. வாவி இல்லை, மாளிகை இல்லை, ஒரு கூரை இல்லை. குண்டசாலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரே பச்சைச் சதுரத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். விமானம் இறங்காத இடத்தில் மனிதரை வைப்பது வீண் செலவு.

"நிறுத்திவைக்கவா?" என்று கேட்டு யூர்கன் ஒரு பொத்தானை அழுத்தினார். விமானம் ஆகாயத்தில் அப்படியே நின்றது. சத்தமும் நின்றது. எங்களுக்குக் காலை, கண்டியில் பிற்பகல். எனக்கு நேர் கீழே அந்த நேரம் அப்பாவை வீட்டு வாசலில் வைத்துத் தேவாரம் படித்துக்கொண்டிருப்பார்கள்.

"இதுதானா?"

"இதுதான்."

"இங்கே ஒன்றும் இல்லையே."

"ஓம்" என்றேன். தமிழில் சொன்னதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன். யூர்கன் விளங்கிக்கொண்டதுபோலத் தலையாட்டினார்.

பாலம் இறங்கியதும் வெளியே ஒரு தடித்த மனிதர் கமராவோடு காத்துக்கொண்டிருந்தார். பிறந்தநாளுக்கு மனைவி கொடுத்த பரிசாம். "எப்படி இருக்கிறது? உண்மை மாதிரியா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"அச்சு அசல்" என்றேன்.

6

வீட்டுக்கு வந்து நானாவின் கடைக்கு எடுத்தேன். அம்மா எனக்காக அங்கேயே இருந்தா. குளித்து முடித்து வந்திருந்தா. குரலில் ஈரம் இல்லை.

"முடிஞ்சுது" என்றா.

"கொள்ளி ஆர் வைச்சது?"

"நான்தான்."

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிடவேண்டும். "ஐயர் விட்டவரோ?"

"வரக்கூடாதம்மா எண்டார். மகன் நாட்டுக்கு வரக்கூடாதாம், நான் சுடலைக்கு வரக்கூடாதாம், அப்ப இவர் தானாய் நடந்து போறதோ ஐயா எண்டு கேட்டன். மனுசன் பிறகு கதைக்கேல்லை."

பின்னால் நானா யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"மலர்ச்சாலை வாகனம் வளைவாலை ஏறி வந்தது எனக்குத் தெரியவே தெரியாது, தம்பி" என்றா அம்மா. "வாசலிலை நிண்டாப் பிறகு லீலா நோனாதான் வந்திட்டுதெண்டு சொன்னவ."

"புது வாகனமாக்கும்."

"எங்கத்தைப் புதுசு. பழைய வான். கதவு கயித்தாலை கட்டிக் கிடக்கு. ஓட்டிக்கொண்டு வந்தது ஆர் தெரியுமோ?" பதிலுக்கு நிற்கவில்லை. "சுனில்."

"எங்கடை சுனிலோ?"

"எங்கடை எண்டால்? ஓம், அவன்தான். மலர்ச்சாலையிலை இப்ப அவன்தானாம் சாரதி. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு."

"என்ன சொன்னவன்?"

"என்னத்தைச் சொல்லுறது. 'அம்மே' எண்டான். முன்கதவைத் திறந்துவிட்டான். நான் ஏறி இருந்தன். வீதியைப் பாத்துக்கொண்டு ஓட்டினான்."

விறகு அறையின் இடுக்கால் நான் பார்த்த அதே முகம் எனக்குத் தெரிந்தது.

"பாலம் தாண்டி ஏத்தம், பிறகு வாவிக்கரை, பிறகு மஹியாவைச் சுடலை மேடு" என்றா அம்மா. "எத்தினை இடத்திலை மாத்தியிருப்பான். ஒரு கத்தல் கேக்கேல்லை. நான் அவன்ரை காலையே பாத்துக்கொண்டு போனன். ரெண்டு தரம் மிதிக்கிறான். அப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே, ஒவ்வொருக்காலும் ரெண்டு தரம்."

"பதினாறு வருசமாய் ஓட்டுறான் அம்மா. பழகியிருப்பான்."

"அப்பிடித்தான் நானும் நினைச்சன்."

பிறகு குரலைத் தாழ்த்தினா, நானாவுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"அண்டைக்கு அவன் வளைவிலை அந்தச் சத்தம் போட்டிராட்டி நாங்கள் எழும்பி ஓடியிருப்பமோ, தம்பி? சோத்துக் கோப்பையோடைதானே இருந்தனாங்கள்."

பதினாறு வருடமாக அப்பா சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்த பகிடி அது. ஒருவருக்கும் தெரியாமல் வந்த லொறியில் அந்த ஒரு சத்தம் மட்டும்தான் எங்களுக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்தது. அதைக் கேட்டால் ஆளைப் பெயர் சொல்லிப் பிடிக்கக்கூடிய காது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சோறு சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அல்லது அவனுக்கு அன்றைக்கும் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான். எது என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய மனிதர் புதன்கிழமை முழுக்க அவனுக்குப் பின்னால், பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றேன்.

"வாய் வரைக்கும் வந்தது. பிறகு விட்டிட்டன்." அம்மா மூச்சை இழுத்துவிட்டா. "கேட்டு, இல்லை அம்மே, எனக்கு அப்ப ஓட்டத் தெரியாதுதான் எண்டு சொல்லிப்போட்டானெண்டால்?"